கிளையன்ட் யார்?

தமிழ்நாட்டில் ‘கவுன்சிலிங்’ என்றதும் முதலில் நினைவுக்கு வருவது அண்ணா பல்கலைக்கழகமும் கட்-ஆஃப் மதிப்பெண்ணும்தான். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலைப் பட்டையில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. சொல்லாமல் மூன்று நாள் வராமல் போனவரை எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டு, ‘இனி இப்படி நடக்காது’ என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவதும் கவுன்சிலிங்தான். “அவனுக்கு ரெண்டு தடவை கவுன்சிலிங் குடுத்தாச்சு சார்” என்று சூப்பர்வைசர் சொன்னால், மூன்றாவது தடவை வேலை போகும் என்று அர்த்தம். மூன்றாவது பொருள் வீடுகளில் புழங்குவது. காதலில் விழுந்த பெண்ணை உட்காரவைத்துச் சித்தப்பா கொடுப்பது.

இந்த அத்தியாயம் பேசும் கவுன்சிலிங் இவை மூன்றும் இல்லை. ‘உளவியல் ஆலோசனை’ என்று மொழிபெயர்த்தாலும் சிக்கல் தீர்வதில்லை. ஆலோசனை என்றால் ஒருவர் சொல்வார், மற்றவர் கேட்பார் என்றுதான் நமக்குத் தோன்றும். இங்கே நடப்பது ஏறக்குறைய அதற்கு நேர் எதிரானது. இலங்கைத் தமிழர்கள் இதற்கு ‘உளவளத்துணை’ என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள். துணை என்பது பொருத்தமான சொல். கூட நடப்பவருக்கு வழி தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்வது நடப்பவர்தான்.

இன்னொரு சொல்லையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். மனச்சிகிச்சைக்கு வருபவரை ‘நோயாளி’ என்று அழைக்காமல் ‘கிளையன்ட்’ என்று அழைக்கும் வழக்கத்தைப் பரப்பியவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். 1951-இல் வெளிவந்த அவருடைய நூலின் பெயரே ‘கிளையன்ட்-சென்டர்டு தெரபி’. வருபவரை மையமாக வைத்த சிகிச்சை. ஒரகடத்து ஷாப்-ஃபுளோரில் கிளையன்ட் என்றால் வேறு ஆள். பாகங்களை வாங்கும் பெரிய பிராண்டின் பிரதிநிதி. ‘நாளைக்குக் கிளையன்ட் விசிட்’ என்றால் தரையில் மஞ்சள் கோடு புதிதாக அடிக்கப்படும், கழிப்பறையில் சோப்பு வந்துவிடும். தொழிற்சாலைக்குள் ஒரு மனநல ஆலோசகர் வந்து உட்காரும்போது, அவருடைய கிளையன்ட் எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணா, சம்பளம் கொடுக்கும் நிறுவனமா? இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய நூறு வயது. அது பிறந்த இடமும் ஒரு தொழிற்சாலைதான். அங்கே செய்ததும் தொலைபேசிப் பாகங்கள்தான்.

*

சிகாகோவை ஒட்டிய சிசரோவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலை இருந்தது. 1927-இல் அங்கே ஆறு இளம்பெண்களைத் தனி அறையில் உட்காரவைத்தார்கள். தொலைபேசி எக்ஸ்சேஞ்சுக்கான ரிலே செய்வது வேலை. ஏறக்குறைய 35 சிறு பாகங்களை அடுக்கி நான்கு ஸ்க்ரூ முடுக்கினால் ஒரு ரிலே. ஒன்றுக்கு ஒரு நிமிடம் ஆகும். இடைவேளை கொடுத்துப் பார்த்தார்கள், வேலை நேரத்தைக் குறைத்துப் பார்த்தார்கள், உற்பத்தி ஏறியது. சலுகைகளை எடுத்த பிறகும் பெரிதாக இறங்கவில்லை. கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வே மனிதரை மாற்றிவிடுகிறது என்ற ‘ஹாதார்ன் விளைவு’ இங்கிருந்துதான் பாடநூல்களுக்குப் போனது. பிற்கால ஆய்வாளர்கள் அந்தப் புள்ளிவிவரங்களைக் குடைந்து நிறைய ஓட்டைகளைக் காட்டிவிட்டார்கள். பாடநூல்கள் அதிகம் பேசாத ஒரு விவரமும் உண்டு. 1928 ஜனவரியில் அந்த ஆறு பேரில் இருவரை வெளியே அனுப்பி வேறு இருவரைக் கொண்டுவந்தார்கள். வெளியேறியவர்கள் மீது சொல்லப்பட்ட முக்கியக் குறை, அதிகமாகப் பேசினார்கள் என்பது.

நமக்கு வேண்டியது அதற்கடுத்து அதே ஆலையில் நடந்தது. 1928-இலிருந்து தொழிலாளர்களைத் தனித்தனியாகப் பேட்டி காணத் தொடங்கினார்கள். 1930-க்குள் 21,000-க்கும் அதிகமானோரிடம் பேசியிருந்தார்கள். முதலில் கேள்விப் பட்டியலோடு போனார்கள். ‘மேற்பார்வையாளர் எப்படி? வெளிச்சம் போதுமா?’ பதில் சொல்லிவிட்டு ஆட்கள் வேறெங்கோ போய்விட்டார்கள்: மருத்துவமனையில் கிடக்கும் பிள்ளை, கடன், குடிகாரக் கணவன். பேட்டியாளர்கள் திருப்பித் திருப்பிப் பட்டியலுக்கு இழுத்துப் பார்த்துச் சலித்து, பட்டியலையே மூடி வைத்தார்கள். 1929 நடுவில் முறை மாறியது. எதைப் பேசுவது என்பதைத் தொழிலாளியே முடிவு செய்யட்டும். குறுக்கே பேசாதே, வாதாடாதே, புத்தி சொல்லாதே. அரை மணி நேரமாக இருந்த பேட்டி ஒன்றரை மணி நேரமாக நீண்டது. இந்த வேலைக்குப் பின்புலமாக இருந்தவர் ஹார்வர்டில் பணியாற்றிய ஆஸ்திரேலியரான எல்டன் மேயோ.

1936-இல் இது நிரந்தர கவுன்சிலிங் திட்டமாக மாறி, இருபது ஆண்டுகள் அளவில் நடந்தது. கவுன்சிலர்கள் தொழிற்கூடத்துக்குள்ளேயே நடமாடினார்கள். கேட்டதை யாரிடமும் சொல்லக் கூடாது, கேட்டதைக் கொண்டு எதையும் மாற்றவும் கூடாது என்பது அவர்களுக்கான விதி. முதல் பாதி அருமையான விதி. இரண்டாம் பாதியில்தான் எனக்குக் கோளாறு தெரிகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

*

ரோஜர்ஸ் தொழிற்சாலைக்காரர் அல்லர். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் குழந்தைகளோடும் தாய்மார்களோடும் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை செய்தவர். 1940 டிசம்பர் 11 அன்று மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய உரையைத்தான் இந்தச் சிகிச்சை முறையின் பிறந்த நாளாக அவரே சொல்வார். அறிவியல் நோக்கில் அவர் செய்த பெரிய காரியம் அந்த உரைகூட இல்லை. அறைக்குள் மைக் வைத்ததுதான். சில நிமிடங்களுக்கு ஒருமுறை தட்டை மாற்ற வேண்டியிருந்த ஒலிப்பதிவுக் கருவிகளைக் கொண்டு, ஒஹையோவில் அவரும் மாணவர்களும் சிகிச்சை அமர்வுகளைப் பதிவு செய்தார்கள். அதுவரை மனச்சிகிச்சை என்பது சிகிச்சையாளர் பிற்பாடு நினைவிலிருந்து எழுதிய குறிப்புதான். பதிவைத் திரும்பக் கேட்டபோது குட்டு வெளிப்பட்டது. வழிகாட்டும் பாணிக் கவுன்சிலர்கள், வழிகாட்டாதவர்களைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு அதிகச் சொற்களைப் பேசியிருந்தார்கள். தாம் நன்றாகக் காதுகொடுத்துக் கேட்பதாக நம்பியிருந்த பலர், தம் குரலையே தட்டில் கேட்டு வெட்கப்பட்டிருக்க வேண்டும்.

1957-இல் ரோஜர்ஸ் ஒரு துணிச்சலான கூற்றை வைத்தார். வருபவரின் உலகத்தை அவர் கண்ணால் பார்க்கும் ஒத்துணர்வு, எந்த நிபந்தனையும் போடாத மதிப்பு, உள்ளும் புறமும் ஒன்றாக இருக்கும் நேர்மை: இவற்றைச் சிகிச்சையாளர் கொண்டிருந்து, வருபவருக்கும் அது உறைத்தால், மாற்றத்துக்கு அதுவே போதும் என்றார். ‘தேவை’ என்பதோடு நிறுத்தாமல் ‘போதும்’ என்றும் சொன்னதுதான் சண்டைக்கு வித்திட்டது.

சண்டை எங்கே போய் நின்றது? 1977-இல் மேரி லீ ஸ்மித்தும் ஜீன் கிளாஸும் 375 ஆய்வுகளை ஒன்றாக்கிக் கணக்குப் போட்டார்கள். மனச்சிகிச்சை பயன் தருகிறது என்று தெரிந்தது. எந்த முறை பெரியது என்ற போட்டியில் மட்டும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எட்வர்ட் போர்டின் 1979-இல் கவனத்தை வேறு பக்கம் திருப்பினார். சிகிச்சையாளரும் வருபவரும் எதை நோக்கிப் போகிறோம், அதற்கு என்ன செய்யப் போகிறோம் என்பதில் ஒத்துப்போகிறார்களா, இருவருக்குமிடையே பிணைப்பு உண்டா? இதற்கு அவர் தந்த பெயர் ‘கூட்டணி’. 2018-இல் 295 ஆய்வுகளைத் தொகுத்தபோது, கூட்டணியின் தரத்துக்கும் சிகிச்சையின் பலனுக்கும் உள்ள தொடர்பெண் 0.28 அளவில் வந்தது. கேட்க அற்பமாக இருக்கும். பலனில் தெரியும் ஏற்ற இறக்கத்தில் சுமார் எட்டு சதவீதத்தோடு அது தொடர்புள்ளது என்று பொருள். முறைக்கும் முறைக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இதைவிடச் சிறியது. ஆனால் இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. முதல் வாரமே தேறத் தொடங்கியவருக்குச் சிகிச்சையாளரைப் பிடித்துப்போவது இயல்பு. எது காரணம், எது விளைவு என்று தொடர்பெண் சொல்லாது.

‘எல்லா முறையும் ஒன்றுதான், அன்பு போதும்’ என்று முடித்துவிடவும் முடியாது. கதவைப் பூட்டினோமா என்று நாற்பது தடவை பார்ப்பவருக்கு, பார்க்காமல் இருக்கும் பயிற்சியைப் படிப்படியாகக் கொடுத்தால்தான் குணம் தெரிகிறது. வெறும் ஒத்துணர்வோடு எதிரே உட்கார்ந்திருந்தால் நாற்பது நாற்பதாகவே இருக்கும். ஆகவே பல சிகிச்சையாளர்கள் ஒரே குருகுலத்தில் நிற்பதை விட்டுவிட்டார்கள். அடித்தளம் ரோஜர்ஸ் சொன்ன உறவு. அதன் மேல் எண்ணங்களைச் சோதிக்கும் முறை, நடத்தைப் பயிற்சி, தூக்கப் பயிற்சி, குடும்பத்தோடு பேசுதல் என்று தேவைக்கு ஏற்ப எடுத்துக்கொள்வது. இதற்குப் பெயர் ஒருங்கிணைந்த சிகிச்சை. இதிலும் நாலு வகை பிரித்துப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். தேர்வு எழுதுபவர்களுக்கு அது உதவும்.

இதையெல்லாம் பெரிய பட்டம் பெற்றவர்தான் செய்ய வேண்டுமா? கோவாவில் சங்கத் என்ற அமைப்பு நடத்திய ஆய்வு 2016 இறுதியில் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கடுமையான மனச்சோர்வு கொண்ட 495 பேர். மனநலப் பட்டம் எதுவும் இல்லாத, உள்ளூர்க்காரர்களான பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேசினார்கள். மூன்று மாதத்தில் அவர்களிடம் பேசியவர்களில் 64 சதவீதத்தினர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். மேம்படுத்திய வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதத்தினர். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய சினேகாவும் தன்னார்வலர்களின் காதுகளை நம்பித்தான் இயங்குகிறது.

*

இனி ஓர் அறைக்குள் போகலாம். வரப்போகும் பெண்ணும் ஆலோசகரும் கற்பனை. யாரையும் குறிப்பவர்கள் அல்லர். அவர்களைச் சுற்றியிருப்பது கற்பனை இல்லை.

ஒரகடம் கூட்டு ரோட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு நின்றால் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். வந்தவாசி, செய்யாறு, அரக்கோணம், திருத்தணிப் பக்கங்களிலிருந்து பெண்கள். ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்திருப்பார்கள். இரவு வேலையான சி-ஷிப்ட் தொடங்கும்முன் கிடைக்கும் கடைசித் தூக்கம் அது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியதிலிருந்து இந்தப் பட்டை வளர்ந்துகொண்டே இருக்கிறது. 2006-இல் நோக்கியா வந்தது, 2014 நவம்பரில் மூடியது. அங்கே கைபேசி கோத்த ஆயிரக்கணக்கானோர் இருபதுகளிலேயே ‘பழைய தொழிலாளி’ ஆனார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை சிப்காட் திறந்தது. ஒரு சிற்றூரின் மக்கள்தொகை, எல்லோரும் ஏறக்குறைய ஒரே வயது.

நம் பெண்ணுக்கு 22 வயது. பிளஸ் டூ முடித்தவர். கைபேசிக்கான போர்டுகளைச் சோதிக்கும் லைனில் நிற்கிறார். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, கை வியர்க்கிறது, செத்துவிடுவோமோ என்று தோன்றுகிறது. இரண்டு முறை லைனை விட்டு எழுந்து ஓடிவிட்டார். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, “ஒண்ணும் இல்லம்மா, டென்ஷன்” என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா மந்திரித்துக் கறுப்புக் கயிறு கட்டிவிட்டிருக்கிறார். வல்லக்கோட்டை முருகனுக்கும் வேண்டுதல் இருக்கிறது.

“சொல்லுங்கம்மா.”

“ஒண்ணுமில்ல மேடம். லைன் லீடர்தான் அனுப்பினாங்க.”

“அவங்க எதுக்கு அனுப்பினாங்கன்னு அவங்களுக்குத் தெரியும். உங்களுக்கு எதைப் பேசணும்னு இருக்கு?”

நீண்ட அமைதி. ஆலோசகர் அதை நிரப்பவில்லை. பயிற்சியிலேயே கடினமானது இதுதான். அந்தப் பெண் கயிற்றை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார்.

“அந்தக் கயிறு யார் கட்டினது?”

“அம்மா. கம்பெனில போடக் கூடாதுன்றாங்க. ஷிப்ட்டுக்குப் போறப்போ கழட்டிப் பையில வச்சிப்பேன். கழட்டினா பயமா கீது மேடம்.”

ஆலோசகருக்குக் கயிற்றில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது இங்கே எழாத கேள்வி. கயிற்றை எடுத்ததும் பயம் கூடுகிறது என்பது ஒரு தகவல். இரவு வேலை, தனிமை, அம்மா பக்கத்தில் இல்லாதது, எல்லாம் அந்த ஒரு தகவலுக்குள் இருக்கின்றன.

“நான் ஒரு ரிஜெக்ட் பீஸ் மேடம்” என்றார் கடைசியில்.

நல்ல மனம் படைத்த சித்தப்பாவாக இருந்தால், ‘சேச்சே, அப்படியெல்லாம் நினைக்காதே’ என்றிருப்பார். ஆலோசகர் கேட்டது: “லைன்ல ஒரு பீஸை ரிஜெக்ட்னு யார் முடிவு பண்ணுவாங்க?” பெண் யோசித்தார். “மெஷினு. அப்புறம் க்யூ.சி. பாப்பாங்க. சில நேரம் டெஸ்ட் ஜிக்கே தப்பாருக்கும். அப்ப நல்ல பீஸும் ஃபெயில்னு காட்டும்.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும் சிகிச்சைக்கு அழகான பாடநூல் உதாரணங்கள் நிறைய உண்டு. எதுவும் இந்த டெஸ்ட் ஜிக்குக்குப் பக்கத்தில் வராது. ஏனென்றால் இது அவருடையது.

அடுத்த அடி உடலுக்கு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ரத்தம் குறைந்தாலும் நெஞ்சு படபடக்கும், தைராய்டு மிகுந்தாலும் படபடக்கும். இந்த இரண்டு சோதனைகளையும் எடுக்காமல் ‘மனசுதான்’ என்று சொல்வது ஒருங்கிணைந்த சிகிச்சை ஆகாது. நம் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 9. இரும்புச்சத்து மாத்திரை தொடங்கியது.

பிறகு தூக்கம். கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, மூளைக்குள் ஏறக்குறைய 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சின்னக் கடிகாரம் இருக்கிறது. முக்கியமாக வெளிச்சத்தை வைத்துத்தான் அது நேரத்தைத் திருத்திக்கொள்ளும், அதுவும் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம் என்ற கணக்கில். ஷிப்ட் எட்டு மணி நேரம் நகர்கிறது, அதுவும் வாரத்துக்கு வாரம். உடல் ஒருவழியாகப் பழகும்போது அட்டவணை மாறிவிடுகிறது. இந்தக் கடிகாரத்தை இயக்கும் மரபணுக்களைப் பழ ஈக்களில் கண்டுபிடித்ததற்காக மூன்று பேருக்கு 2017-இல் நோபல் கிடைத்தது. ஷிப்ட் அட்டவணை போடுபவர்களிடம் அந்த ஈக்கள் இன்னும் வந்து சேரவில்லை.

தூக்கச் சிகிச்சையின் முக்கிய விதி: படுக்கை தூங்க மட்டும், தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடு. எந்த வேறு அறைக்கு? ஹாஸ்டல் அறையில் ஆறு பேர். அந்தக் கட்டில்தான் அவருக்குக் கூடம், சாப்பாட்டு மேசை, வீட்டுக்குப் போன் பேசும் இடம், அழும் இடம். நூலில் உள்ள விதியை அப்படியே ஒப்பித்தால் அந்தப் பெண் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார், அவ்வளவுதான். இருவரும் சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். கட்டிலின் ஜன்னல் பக்கத்து முனை விழித்திருக்கும் பக்கம். போன், சாப்பாடு, அழுகை எல்லாம் அங்கே. தூக்கத்துக்குத் தலையணையை மறு முனைக்கு மாற்றி, மேல் கட்டிலிலிருந்து துப்பட்டாவைத் தொங்கவிட வேண்டும். அந்த யோசனை அவருடையது.

படபடப்புக்குத் தனிப் பயிற்சி. நெஞ்சு அடிப்பதை ‘சாகப்போகிறேன்’ என்று மனம் வாசிக்கிறது. அந்த வாசிப்பே அடிப்பதை இன்னும் கூட்டுகிறது. 1986-இல் டேவிட் கிளார்க் இந்தச் சுழலை விளக்கினார். சிகிச்சை என்னவென்றால் படபடப்பை வேண்டுமென்றே வரவழைப்பது. ஹாஸ்டல் மாடிப்படியில் மூன்று தளம் வேகமாக ஏறி, மூச்சு வாங்க நின்று, ஒன்றும் ஆகவில்லை என்று உடலுக்கே காட்டுவது. டாக்டரிடம் கேட்டுக்கொண்ட பிறகுதான் இது. மூன்றாவது வாரம் அறைத்தோழிகள் இரண்டு பேர் சும்மா கூடவே ஏறினார்களாம்.

‘மேடம்’ எப்போது ‘அக்கா’ ஆனது என்று இருவருக்கும் நினைவில்லை. போர்டினின் கூட்டணியை அளக்கக் கேள்வித்தாள்கள் இருக்கின்றன. தமிழில் உறவுமுறைச் சொல் மாறும் கணத்தையும் யாராவது அளந்தால் நன்றாக இருக்கும்.

அக்கா ஆனதும் ஒரு சிக்கல் வந்தது. “நீங்களே சொல்லுங்கக்கா. வேலைய உட்டுடட்டுமா?”

ரோஜர்ஸின் தூய சீடர், ‘முடிவெடுக்கக் கஷ்டமாக இருக்கிறது உங்களுக்கு’ என்று திருப்பிச் சொல்வார். நம் பெண்ணுக்கு அது கைகழுவுவதுபோல் இருக்கும். 1973-இல் மனநல மருத்துவர் ஜே.எஸ். நேகி, குரு-சிஷ்ய உறவை நம் ஊர் மனச்சிகிச்சைக்கு ஒரு மாதிரியாகக் கொள்ளலாமா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். மேற்கில் சார்ந்திருத்தலைக் கண்டால் சிகிச்சையாளர் பதறுவார். நம்மிடம் அது உறவின் இயல்பான வடிவம் என்பது அவர் வாதம். நான் நேகியோடு பாதி வழிதான் போவேன். குரு என்றால் கீழ்ப்படிதலும் கூடவே வந்துவிடும். பகலெல்லாம் லைன் லீடருக்குக் கீழ்ப்படிந்துவிட்டு வருபவருக்கு இன்னொரு மேலாள் வேண்டாம். ஆலோசகர் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார். தம்பியின் பாலிடெக்னிக் ஃபீஸ், அடகில் இருக்கும் நாலு பவுன், ஏ-ஷிப்ட் மட்டும் கேட்டுப் பார்க்கும் வாய்ப்பு, ராஜினாமா செய்தால் பி.எஃப். எப்போது கைக்கு வரும் என்பது. தனக்குத் தெரிந்ததைத் தயங்காமல் சொன்னார், தெரியாததை விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். முடிவை மட்டும் சொல்லவில்லை.

*

ஐந்தாவது அமர்வில் பெண் வேறொன்றைச் சொன்னார். ராத்திரியில் கழிப்பறைக்குப் போக ‘ரிலீவர்’ வர வேண்டும். வந்தால்தான் இடத்தை விட்டு நகரலாம். பல நாள் வருவதில்லை. அதனால் பத்து மணிக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை. அவர் மட்டுமல்ல, லைனில் எல்லோரும்.

தண்ணீர் குடிக்காத, தூங்காத, ரத்தம் குறைந்த உடலில் நடுநிசியில் நெஞ்சு படபடக்கிறது. இதற்கு மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்பினால் அது என்ன சிகிச்சை?

மேயோ விரும்பிச் சொன்ன கதை ஒன்று உண்டு. ஹாதார்னில் ஒரு பெண்ணுக்கு மேற்பார்வையாளரைக் கண்டாலே வெறுப்பு. பேசப் பேசத் தெரிந்தது, அவர் அவளுடைய மாற்றாந்தந்தையைப் போல இருந்தாராம். அருமையான கதைதான். குறைகள் பெரும்பாலும் குறை சொல்பவருக்குள்ளே இருக்கின்றன என்று நிர்வாகம் நிம்மதியடைவதற்கும் தோதான கதை. கேட்டதைக் கொண்டு எதையும் மாற்றக் கூடாது என்ற விதி அங்கே செய்தது இதைத்தான். மனக்குறை வடிந்துபோக ஒரு குழாய் வைத்தார்கள். அதன் மறுமுனை எதனோடும் இணைக்கப்படவில்லை.

1970-களின் கடைசியில் மலேசியாவின் சிலாங்கூரில், மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை செய்த மலாய்ப் பெண்களைப் பேய் பிடித்தது. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தால் உள்ளே உருவம் தெரிந்தது என்றார்கள். ஒருத்தி அலற, லைனே அலறியது. நிர்வாகங்கள் மந்திரவாதியை அழைத்தன, மயக்க மருந்தும் கொடுத்தன. ஐவா ஓங் என்ற மானிடவியலாளர் இதை ஆராய்ந்து 1987-இல் நூலாக எழுதினார். வாயால் சொல்ல முடியாத எதிர்ப்பை உடல் சொல்லிற்று என்பது அவர் வாசிப்பு. கறுப்புக் கயிற்றைப் பற்றி எழுதும்போது எனக்கு அந்த மைக்ரோஸ்கோப்பு நினைவுக்கு வந்தது.

நம் பட்டையிலேயே உடல் பேசிய சம்பவம் ஒன்றும் இருக்கிறது. 2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் உணவு நஞ்சாகி 250-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளைப் பற்றிச் சேதி தெரியவில்லை. இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. யாரும் இறக்கவில்லை என்று அதிகாரிகள் சொன்னதை நம்பாமல் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அந்தப் பதற்றத்துக்கு நோய்ப்பெயர் எதையும் ஒட்ட முடியுமா என்ன? அறைத்தோழி உயிரோடு இருக்கிறாளா என்று கேட்டார்கள். அதற்கு மருந்து ஒரு வீடியோ காலும், நல்ல சமையலறையும், படுக்க நல்ல இடமும்தான். ஆலை சில வாரங்கள் மூடப்பட்டு 2022 ஜனவரியில் திறந்தபோது பேச்செல்லாம் விடுதிகளைச் சீராக்குவது பற்றித்தான் இருந்தது.

இப்போது மீண்டும் நம் அறை. எச்.ஆரிலிருந்து போன். “அந்தப் பொண்ணுக்கு என்ன பிரச்சனை மேடம்? தாங்குவாளா, மாட்டாளா?” 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை ரகசியத்தை உரிமையாகவே தந்திருக்கிறது. “அதை நான் சொல்ல முடியாது சார்” என்றார் ஆலோசகர். ஆனால் ரிலீவர் விஷயம் ஒரு பெண்ணின் ரகசியம் இல்லை. அது லைனின் நிலைமை. அதைச் சொல்லலாமா என்று முதலில் அந்தப் பெண்ணிடம்தான் கேட்டார். வேண்டாம் என்றார். அடுத்த வாரம், “நான் சொன்னேன்னு தெரியாம சொல்லலாம்” என்றார். அதற்கடுத்த வாரம் தானே ஒரு தாளோடு வந்தார். ரிலீவர் போடக் கேட்டுப் பதினொரு பேர் கையெழுத்து. எழுத்துப்பிழை பார்த்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். ஆலோசகர் ஒரு சந்திப்பிழையைத் திருத்தினார். வேறெதையும் தொடவில்லை.

அந்த அறையின் கதவைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் அது எச்.ஆர். அறைக்கு அடுத்த கண்ணாடித் தடுப்பாக இருந்தது. போவோர் வருவோர் எல்லோருக்கும் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியும். மாதத்துக்கு மூன்று பேர் வந்தார்கள், மூவருமே லைன் லீடர் அனுப்பியவர்கள். ஆலோசகர் கேட்டுக் கேட்டு, மருத்துவ அறைக்குப் பின்னால் பேண்டேஜும் மாத்திரையும் வைத்திருந்த ஸ்டோரைக் காலி செய்து வாங்கிக்கொண்டார். ஜன்னல் இல்லை, ஃபேன் சத்தம் போடும். மருத்துவ அறைக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். தலைவலி என்றால் போதும். இப்போது சி-ஷிப்ட் தொடங்கும்முன் அந்தப் பெஞ்சில் நான்கைந்து பேர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நர்ஸ் மாத்திரையை எடுப்பதற்கு முன்னால் கேட்கிறார்: “மாத்திரையா, அக்காவா?”